ஸ்ரீ ஒரே எழுத்துதான்

அர்ஜுனன் அனுப்பியிருந்த குரல்செய்தி அன்பாகத்தான் இருந்தது. அந்த அன்புதான் ரூபினியைச் சுட்டது.

அவன் ஈப்போவில் உள்ள ஒரு சின்ன கம்பெனியில் மூத்த புரோகிராமர். கோயில்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று மொழியில் கைப்பேசிச் செய்தி அனுப்பித் தருகிற கம்பெனி அது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தபடியே ரூபினி ஒரு மாதமாக அவர்களுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரமில்லை, மாதம் முடிந்ததும் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். மாதம் இன்றோடு முடிகிறது.

"ரூபினி, தப்பா எடுத்துக்காதீங்க," என்று தொடங்கியது அந்தச் செய்தி. "மலாய், இங்கிலீஷ் பகுதியெல்லாம் நல்லா இருக்கு. தமிழ் வர்ற எடத்துல மட்டும் லைன் எல்லாம் எங்கெங்கயோ ஓடுது. கண்ணு தெரியாம எழுதுறது சூசாதான், கஷ்டம்தான், எனக்குப் புரியுது. போன் எடுத்துப் பேசுற வேலை ஒண்ணு காலியா இருக்கு. உங்க குரலுக்கு நல்லா வரும். அஞ்சு மணிக்குள்ள பாஸ்கிட்ட பேரு கொடுக்கணும், அதான் சொன்னேன்."

ரூபினி அதை இரண்டு தடவை கேட்டாள். போன் எடுத்துப் பேசுவது ஒன்றும் இழிவான வேலை இல்லை. அவளுடைய தோழிகள் பலர் அதில்தான் இருக்கிறார்கள். ஆனால் பதினேழு வயதில் பார்வை முழுவதுமாகப் போன பிறகு, அவளாகத் தேடிப் பிடித்த வேலை இது. ஒரு பிரச்சினையை எடுத்துப் பிரித்துப் பார்த்து, அது தானே ஓடும்படி எழுதிவிட்டுக் கையை எடுக்கும்போது வருகிற சந்தோஷத்தை அவள் வேறு எதிலும் கண்டதில்லை. அது கைவிட்டுப் போகிறது, அதுவும் அவள் செய்யாத குற்றத்துக்காக.

செய்யவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் புரோகிராம் எழுதப் பயன்படுத்துகிற எடிட்டர் என்ற மென்பொருள் வாய்விட்டுப் படிக்கும். அதோடு, ஒவ்வொரு வரியும் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பதை ஒரு சுருதியாக ஒலித்துக் காட்டும். ஓரத்தில் தொடங்கினால் ஆர்மோனியத்தின் அடிக்கட்டை. உள்ளே போகப் போக மேல்கட்டை. புரோகிராமில் எது எதற்குள் அடங்குகிறது என்பதை மற்றவர்கள் அந்தத் தள்ளலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள், அவள் கேட்டுத் தெரிந்துகொள்வாள். தள்ளி வைக்கிற வேலையையும் எடிட்டரே பார்த்துக்கொள்ளும். வரி முடிந்து பட்டனைத் தட்டினால் அடுத்த வரியைத் தானாகச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அப்படி நிறுத்தியதைத்தான் அவள் இத்தனை நாளும் நம்பினாள். தமிழ் வரிகளில் சுருதி மேலே போனபோதெல்லாம், அடைப்புக்குறிக்குள் ஆழமாக இருக்கிறோம் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

புருஷன் புனிதன் அப்போதுதான் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவள் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னாள்.

"ஏங்க, தமிழ் வர்ற எடத்துல எப்படி இருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். "மலாய் வரியெல்லாம் கொழுந்து வரிசை மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நிக்குது. தமிழ் வந்தா மண்ணு சரிஞ்ச மாதிரி எல்லாம் வலது பக்கம் போவுது, ரூபி."

"எல்லாத்துலயும் ஒரே அளவா?"

"இல்ல லா. 'தை'ன்னு போட்டிருக்கிற எடத்துல கொஞ்சூண்டு. 'தீமிதித் திருவிழா'ன்னு இருக்கு பாரு, அதுக்கு அடுத்த வரி ஸ்கிரீன விட்டே ஓடிப்போச்சு."

ரூபினியின் கை நின்றது. சின்னச் சொல்லுக்குக் கொஞ்சம், பெரிய சொல்லுக்கு நிறைய. அப்படியானால் இது தாறுமாறு இல்லை. தாறுமாறுக்கு இப்படிக் கணக்குத் தெரியாது. எங்கேயோ ஒன்று தவறாமல், நேர்மையாக, தப்பாக எண்ணிக்கொண்டிருக்கிறது.

புனிதன் நல்லவன். அவனுக்குத் தோன்றியதை உடனே சொன்னான்: மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கையால் இழுத்து வைத்துவிடலாம், எந்தக் கீயைத் தட்டுவது என்று அவள் காட்டினால் போதும்.

"இன்னைக்கு நீங்க இழுப்பீங்க. திங்கக்கெழமை லோரில போனப்புறம் யாரு இழுப்பா?" என்றாள் ரூபினி. அவள் குரலில் வருத்தமில்லை, அவசரம் இருந்தது. விரல்கள் அதற்குள் ஒரு புதிய பக்கத்தைத் திறந்துவிட்டன.

இரண்டு வாரத்துக்கு முன்தான் அவள் எடிட்டரைப் புதுப்பித்திருந்தாள். பழைய எடிட்டர் ஒரு வரியின் தோற்றத்தை வைத்து அடுத்த வரிக்கு இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். புதியதில் பார்சர் என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாக்கியத்தை எழுவாய், பயனிலை என்று பிரிப்போமே, அதுபோலப் புரோகிராம் முழுவதையும் அது பிரித்துவைத்து, எந்த அடைப்புக்குறி எந்த வரியில் எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்று எண்ணாகச் சொல்லும். எடிட்டர் அந்த எண்ணை வாங்கி, அடுத்த வரியை அதற்கு நேர் கீழே நிறுத்தும். கம்பெனியின் புரோகிராமைப் பழைய எடிட்டரில் திறந்தால் அது திக்குகிறது, ஆகவே திரும்பிப் போக வழியில்லை.

அவள் அடைப்புக்குறிக்கு முன்னால் 'மா' என்று எழுதிப் பட்டனைத் தட்டினாள். சுருதி கொஞ்சம் ஏறியது. 'மாலை' என்று எழுதினாள். இன்னும் ஏறியது. 'மாலைநேரம்' என்று எழுதும்போது மழை வந்துவிட்டது.

கேமரன் மலையில் பிற்பகல் மழை என்பது சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி அல்ல. தகரக் கூரையில் கல்லைக் கொட்டியதுபோல இறங்கியது. சுருதி காதில் விழவில்லை. காதில் மாட்டுகிற கருவியில் ஒரு பக்கம் போன வாரமே செத்துப்போயிருந்தது. மறுபக்கத்தையும் மழை அமுக்கியது. ரூபினி மேசையோடு காதை ஒட்டிவைத்துப் பார்த்தாள். பக்கத்தில் நின்று புனிதன் பேசுவதே கேட்கவில்லை.

அவன் அவள் தோளைத் தொட்டு, காதுக்குள் சத்தமாகச் சொன்னான்: "கோயில் மடப்பள்ளிக்குப் போலாம். மேல கொங்கிரீட்டு."

மடிக்கணினியைக் கோஸ் மூட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி அவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற படிகளில் இருவரும் ஏறக்குறைய ஓடினார்கள். வழுக்கியபோது அவள் சிரித்தாள். வேலை போகப்போகிற நாளில் சிரிக்கிறாளே என்று அவன் திரும்பிப் பார்த்திருப்பான். ஆனால் ஒரு புதிரின் வால் கையில் அகப்பட்டவர்களுக்கு அப்படித்தான் சிரிப்பு வரும்.

அன்றைக்குக் கோயிலில் மாலை அன்னதானம். மடப்பள்ளியில் பாஞ்சாலையும் நான்கைந்து பெண்களும் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் மிக்ஸி தேங்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. காலையெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து மாலையில் ஊருக்குச் சமைக்கிறவர்கள் அவர்கள். பாஞ்சாலைதான் அங்கே தலைவி. அவள் வாய்க்குக் கணக்கெழுதுகிற தோட்டத்துக் கிராணியே பயப்படுவார்.

"என்னடியம்மா, புருஷனும் பொஞ்சாதியும் நனைஞ்சு வர்றீங்க? கம்ப்யூட்டருக்கும் சோறு வேணுமாமா?" என்றாள்.

ரூபினி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். ஐந்து மணிக்குள் ஒரு சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை கைமாறிவிடும் என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே மிக்ஸி நின்றது. யாரோ குழாயை மூடினார்கள். பாஞ்சாலை வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு மேசையாக்கினாள். அதற்குப் பிறகு அங்கே கத்தி பலகையில் படுகிற ஓசை மட்டும்தான், அதுவும் மெதுவாக. ஊரைக் கூட்டிச் செய்கிற உதவிகள் உண்டு. சத்தத்தை அடக்கிக்கொண்டு செய்கிற உதவிகளும் உண்டு. கடவுளுக்கு இரண்டாவதுதான் சீக்கிரம் கேட்கும் என்று தோன்றுகிறது.

ரூபினி மறுபடி தொடங்கினாள். இப்போது சுருதி தெளிவாக விழுந்தது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு அது ஒரு படி ஏறியது. தமிழுக்கு அப்படியில்லை, தாவித் தாவி ஏறியது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கணினியின் நினைவில் ஆங்கில எழுத்து ஓர் அறையில் அடங்கும், தமிழ் எழுத்துக்கு மூன்று அறை வேண்டும். பார்சர் எழுத்தை எண்ணவில்லை, அறையை எண்ணுகிறது. அந்த எண்ணை எடிட்டர் எழுத்து என்று நம்பி, அத்தனை வெற்றிடம் விட்டு வரியைத் தள்ளுகிறது.

"கண்டுபிடிச்சிட்டேன்னு நெனைக்கிறேன்," என்றாள். எடிட்டரின் அந்தப் பகுதி யாரும் திறந்து திருத்தக்கூடியது. அவள் திறந்து, தமிழ் வரும்போது மூன்று அறையை ஒன்றாகக் கொள்ளும்படி எழுதினாள். 'தேயிலை' என்று அடித்துப் பார்த்தாள்.

புனிதன் குனிந்தான். "முன்னைக்கு எவ்வளவோ தேவல. ஆனா இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் நிக்குது, ரூபி."

தே, யி, லை. விரல் விட்டு எண்ணினாள். மூன்று எழுத்து. சுருதியோ ஆறு என்றது. மறுபடி எண்ணினாள். தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து எண்ணிய எண்ணிக்கை, மூன்றுதான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். தமிழ் படித்த ஒருத்திதான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். நமக்கு உயிரும் மெய்யும் சேர்ந்தால் ஒரே எழுத்து. அதற்கப்புறம் அவற்றைப் பிரித்துப் பார்க்கவே வராது. கணினியோ 'த' என்ற எழுத்தைத் தனியாகவும் அதன் கொம்பைத் தனியாகவும் வைத்திருக்கிறது. புள்ளியும் அதற்குத் தனி.

கொம்பு, கால், சுழி, புள்ளி எதையும் எண்ணாதே என்று இன்னொரு விதி எழுதினாள். 'தேயிலை' மறுபடி.

"நிக்குது," என்றான் புனிதன். "நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

வேறு சொற்கள் வேண்டும் என்றாள் ரூபினி. பாஞ்சாலை கையிலிருந்ததைப் பார்த்து 'பூசணிக்காய்' என்றாள். நின்றது. இன்னொருத்தி 'முருங்கைக்கீரை' என்றாள். நின்றது. கத்தரிக்காயும் கொத்தவரங்காயும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றுக்கும் புனிதன் "நிக்குது" என்று சொல்ல, பெண்கள் பிள்ளைகளைப்போல அடுத்த சொல்லைத் தேடினார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சொன்ன பாஞ்சாலை, இதிலே விழுந்துவிடும் என்று பந்தயம்கூடக் கட்டினாள். அதுவும் நின்றது.

மணி நான்கைத் தாண்டிவிட்டது. ரூபினி கம்பெனிப் புரோகிராமைத் திறந்து அனுப்பத் தயாரானாள். அப்போது பூசாரி இருளப்பன் விளக்குக்கு எண்ணெய் எடுக்க உள்ளே வந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சிரித்தபடி சொன்னார்:

"சந்தையையே கூட்டிட்டீங்க. ஆத்தா மடப்பள்ளில உக்காந்துக்கிட்டு ஆத்தா பேர ஒருத்தியும் சொல்லலியே."

அது நியாயம்தான் என்று ரூபினி 'ஸ்ரீ மகா மாரியம்மன்' என்று அடித்துப் பட்டனைத் தட்டினாள்.

புனிதன் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தான். பிறகு மெதுவாக, "இது மட்டும் ஒரு எழுத்துத் தள்ளி நிக்குது," என்றான்.

காய்கறி எல்லாம் ஒழுங்காக நிற்க, அம்மன் பெயர் மட்டும் கோணிக்கொண்டது எல்லோருக்கும் என்னவோ செய்தது. இருளப்பன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். ரூபினிக்கோ இது சின்ன விஷயமில்லை. கம்பெனி அனுப்புகிற கோயில் செய்தியில் பாதிக்கு மேல் 'ஸ்ரீ' என்றுதான் தொடங்கும்.

"ஸ்ரீங்கிறது எத்தன எழுத்து?" என்று கேட்டாள்.

பாஞ்சாலை இரண்டு என்றாள். ஸ் ஒன்று, ரீ ஒன்று. இருளப்பன் இல்லை என்று தலையாட்டினார்.

"எழுதறப்போ ஒரே எழுத்துத்தான். பிரிச்சு எழுதுனா அது வேற என்னமோ, சாமிக்கு முன்னால போடுறது இல்ல."

"ஆமாய்யா, ஒங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். தட்சணைய மட்டும் ரெண்டா எண்ணுவீங்க," என்றாள் பாஞ்சாலை. யாரும் சிரிப்பை அடக்கவில்லை, அவரும்தான்.

ரூபினி சிரிக்கவில்லை. ஸ்ரீக்கு என்று ஒரு தனி விதி எழுதலாம். நாளைக்கு 'க்ஷ'வோடு லக்ஷ்மி வருவாள், அவளுக்கு ஒன்று எழுத வேண்டும். அதற்கு அடுத்த நாள் வேறொன்று. விதிமேல் விதியாக அடுக்கி எந்த நாளில் முடிப்பது? யோசித்தபடியே அவள் விரல் அம்புக்குறிக் கீயைத் தட்டியது. வரியின் தொடக்கத்திலிருந்து ஒரு தட்டு. எடிட்டர் "ஸ்ரீ" என்று ஒரே மூச்சில் சொல்லி, அதைத் தாண்டிப் போய் நின்றது.

அவள் திரும்ப வந்து மறுபடி தட்டினாள். "ஸ்ரீ." ஒரே தாவல்.

எடிட்டருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஸ்ரீ ஒரே எழுத்து என்று அதற்குத் தெரியும். தே ஒன்று என்றும் தெரியும். எது திரையில் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். யாரும் அதனிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். பார்சர் தன் கணக்கை உண்மையாகச் சொன்னது, எடிட்டர் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டது. இரண்டும் நல்லவை. நடுவிலே நின்று ஒன்றின் பேச்சை இன்னொன்றுக்கு விளங்கும்படி சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. வீடுகளில் நடக்காததா?

"எல்லாத்தையும் அழிக்கப்போறேன்," என்றாள்.

புனிதன் பதறினான். "மணி நாலரை, ரூபி. ஒரு எழுத்துத்தானே, விட்டுடு."

அவள் அழித்துவிட்டாள். மூன்றறை விதியும் போயிற்று, கொம்பு விதியும் போயிற்று. அந்த இடத்தில் சில வரிகள் மட்டும் எழுதினாள். பார்சர் சொல்லும் எண்ணை எடுத்துக்கொண்டு போய், இந்த அறையில் இருக்கிற அடைப்புக்குறி உன் திரையில் எங்கே நிற்கிறது என்று எடிட்டரையே கேள்; அது சொல்கிற இடத்தில் அடுத்த வரியை நிறுத்து. எழுதி முடித்து, அம்மன் பெயரை அடித்தாள். சுருதி எங்கே போய் நிற்கிறது என்று அவளுக்கே கேட்டது. இருந்தாலும் காத்திருந்தாள்.

"நிக்குது," என்றார் இருளப்பன், புனிதனுக்கு முன்பாக.

பூசணிக்காய் நின்றது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு நின்றது. லக்ஷ்மியும் நின்றாள். கம்பெனிப் புரோகிராமைத் திறந்து, முதலிலிருந்து கடைசிவரை தானாக வரிசைப்படுத்தும்படி ஒரே கட்டளை கொடுத்தாள். சுருதிகள் ஒவ்வொன்றாக இறங்கித் தத்தம் கட்டையில் அமர்ந்தன. இரண்டு வாரமாகச் சுருதி விலகியே கேட்ட பாட்டு அன்றைக்குத்தான் ஒழுங்காக ஒலித்தது.

அனுப்பும் பட்டனைத் தட்டினால், மழையில் லைன் கிடைக்கவில்லை. மடிக்கணினிக்கு இணையம் கொடுக்கிற கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு புனிதன் முன்மண்டபத்துக்கு ஓடினான். பாஞ்சாலை அடுப்பை விட்டுவிட்டு அவன் பின்னாலேயே குடையோடு ஓடினாள். அவன் கையை மேலே தூக்கிப் பிடிக்க, அவள் தான் நனைந்தபடி அந்தக் கைக்குக் குடை பிடித்தாள். உள்ளே ரூபினி, பட்டனைத் தட்டுவதும் காத்திருப்பதுமாக இருந்தாள். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, எடிட்டர் "அனுப்பப்பட்டது" என்றது. அதைக் கேட்டு அவள் போட்ட சத்தத்தில் மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

அர்ஜுனன் உடனே கூப்பிட்டான். கைப்பேசியைப் புனிதன் கொண்டுவந்து கொடுத்தான், எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு.

"யாராச்சும் பக்கத்துல உக்காந்து சரி பண்ணாங்களா?" என்று கேட்டான் அர்ஜுனன். கேள்வியில் குத்தல் இல்லை.

ரூபினி நடந்ததைச் சொன்னாள். அறையை எண்ணியது, கொம்பை எண்ணியது, ஸ்ரீயில் விழுந்தது, எல்லாவற்றையும் மறைக்காமல்.

"எனக்கும் ஓடும்ங்க," என்றான் அர்ஜுனன். "புதுசு மாத்துனதுல இருந்து தமிழ் வந்தா எனக்கும் லைன் ஓடும். நான் பார்த்துப் பார்த்துக் கையால இழுத்து வச்சிடுவேன். ஏன் ஓடுதுன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. உங்களுக்கு ஓடுனப்போ மட்டும் உங்களாலன்னு நெனச்சுட்டேன்."

அவள் அவனைக் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் திருத்தத்தை இப்போதே அனுப்பவா, அவனுடைய கணினியில் போட்டுப் பார்க்கிறானா என்று மட்டும் கேட்டாள். வேண்டும் என்றான். அனுப்பினாள். மடப்பள்ளியில் அத்தனை பேரும் கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். அவன் கீகளைத் தட்டுகிற ஓசை ஈப்போவிலிருந்து வந்தது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு.

"நிக்குதுங்க," என்றான். அவனும் சிரித்துவிட்டான். "இத அந்த எடிட்டர் பண்றவங்களுக்கே அனுப்பிடுங்க. உங்க பேரு போட்டு. தமிழ் எழுதுறவங்க எத்தன பேரு இப்படி இழுத்துக்கிட்டு இருக்காங்களோ."

அனுப்புகிறேன் என்றாள் ரூபினி. வேலை என்னவாயிற்று என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பாஞ்சாலை அவள் விலாவில் இடித்தாள்.

"திங்கக்கெழமை காலைல எட்டரைக்கு மீட்டிங்," என்றான் அர்ஜுனன்.

"எந்த மீட்டிங்?"

"போன் எடுக்கிறவங்களுக்கு மீட்டிங்கே கெடையாதுங்க. இது புரோகிராமர் மீட்டிங். பாஸ்கிட்ட புரோகிராமர்னே உங்க பேரக் கொடுத்துட்டேன்."

அதற்குள் மாலைப் பூஜைக்கு மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. அர்ஜுனன் மேற்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றும் காதில் விழவில்லை. ரூபினி கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வந்துவிடுகிறேன், வந்துவிடுகிறேன் என்று அந்த மணியோசைக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.